நோகாத புண்ணைக் கவனியுங்கள்

மீளக் குடியேறியிருக்கும் உறவுகளே, பற்றை வெட்டிக் காணி துப்பரவாக்கும்போது காலில் முள்ளோ தகரமோ கீறினால், நொந்தால் பார்ப்போம் என்று விட்டுவிடுகிறோம். உங்களுக்குச் சீனி வருத்தம் இருந்தால் அந்தக் கணக்குப் பிழைக்கும். பல வருடச் சீனி கால் நரம்புகளை மரக்கச் செய்திருக்கும். ஆணி ஏறினாலும் தெரியாது. பின்னேரம் செருப்பில் இரத்தத்தைக் கண்டுதான் அறிவீர்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினால், சீழோ கெட்ட மணமோ வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சலும் நடுக்கமும் கண்டால், அடுத்த கிளினிக் நாள் வரை இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளினிக் கொப்பி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பரவாயில்லை. போடும் குளிசைகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அங்கே சீழை வெளியேற்றி, செத்த சதையை வெட்டி எடுப்பார்கள். நாளத்தினூடாகக் கிருமிக்கு மருந்து ஏற்றுவார்கள். எலும்புக்குள் போய்விட்டதா என்று எக்ஸ்ரே பார்ப்பார்கள். குளிசை போடுகிறவருக்கும் சில நாளைக்கு இன்சுலின் தேவைப்படலாம். கிருமி சீனியைக் கூட்டும், கூடிய சீனி கிருமிக்கு உதவும். காலை ஊன்ற வேண்டாம் என்பார்கள். வீடு அரைவாசியில் நிற்கும்போது இதுதான் கஷ்டமான வைத்தியம்.

"போனால் காலை எடுத்துவிடுவார்கள்" என்று பயந்து, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் கால் போவது பிந்திப் போவதால்தான்.

இன்றிரவு விளக்கடியில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் காட்டுங்கள். விரலிடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.