பொய் எச்சரிக்கையும் மெய் அபாயமும்

(முதுகுளத்தூரில் நடைபெற்ற சமாதான விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)



கண்மாய் மராமத்தையும் மிளகாய் விலையையும் பேசவேண்டிய ஊரில் ஏவுகணையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் ஏவிக்கொண்டன. இரண்டுமே அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள். நமது சீமையிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்த பிள்ளைகள் கொஞ்சமல்ல. கூப்பிடு தூரத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது. ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

ஏவுகணை வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இரண்டு காவல் உண்டு. ஒன்று, வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள். ராக்கெட் கிளம்பும்போது கக்கும் நெருப்பின் உஷ்ணத்தை அது உடனே கண்டுகொள்கிறது. எரிபொருள் தீர்ந்தபின் ராக்கெட்டைப் பின்தொடர்வது அதற்குக் கடினம். மற்றொன்று, தரையில் உள்ள ராடார். ஏவுகணை அடிவானத்துக்கு மேலே வந்த பிறகே அதன் கண்ணில் படும். ஆனால் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை அளந்து சொல்லும். இரண்டின் தகவலையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மேற்கே மின்னியதைப் பார்த்தவன் வெள்ளம் வருகிறதென்று கத்தினாலும், கால்வாயில் தண்ணீரைக் கண்ணால் கண்டவன் சொல்லும் வரை கண்மாய்க் கரையை யாரும் வெட்டிவிடமாட்டார்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

1983 செப்டம்பர் 26-ம் தேதி நள்ளிரவுக்குப் பின், மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள செர்புகோவ்-15 நிலையத்தில் எச்சரிக்கை மணி அலறியது. அமெரிக்கா ஒரு ஏவுகணையை ஏவிவிட்டது என்று செயற்கைக் கோள் சொன்னது. பிறகு ஐந்து என்றது. கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு நான்கு வாரங்கள்கூட நிறையவில்லை. உலகமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பொறுப்பில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். யுத்தம் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளோடு தொடங்குவானா என்று அவர் யோசித்தார். இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்கு அறிவித்தார். தரை ராடார்களிலும் எதுவும் தென்படவில்லை. உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை ராக்கெட் நெருப்பென்று கோள் எடுத்துக்கொண்டது என்பது பின்னால் தெரிந்தது.

அமெரிக்காவின் கதையும் வேறல்ல. 1979 நவம்பர் 9-ம் தேதி, பயிற்சிக்காகத் தயாரித்த யுத்தக் காட்சி கம்ப்யூட்டரில் மெய்யான தாக்குதலாகத் தோன்றியது. 1980 ஜூன் 3-ம் தேதி, ஒரு சிறு மின்னணுச் சில்லு பழுதாகி அதே பீதியைக் கிளப்பியது. இரண்டு தடவையும் கோள்களையும் ராடார்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் ஆபத்து நீங்கியது.

அப்படியானால் இன்னும் அதிகக் கோள், இன்னும் பெரிய ராடார் வைத்தால் போதுமே என்று ஆயுத முதலாளிகள் சொல்வார்கள். ‘தங்கக் கூரை’ என்ற பெயரில் 175 பில்லியன் டாலர் செலவாகும் திட்டத்தை 2025 மே மாதத்தில் டிரம்ப் அறிவித்தார். கோளும் ராடாரும் செய்து விற்கும் கம்பெனிகளுக்கு அது கொள்ளை லாபம். ஆனால் அவகாசத்தை எந்தக் கம்பெனி விற்கும்? அமெரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்கு ஏவுகணை போய்ச்சேர அரைமணி நேரம் ஆகிறது. அந்த அவகாசத்தில்தான் பெத்ரோவ் யோசித்தார். நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே கடல் இல்லை. சில நிமிஷங்கள்தான் உண்டு. ஒரு தகவலை இன்னொன்றோடு ஒத்துப்பார்த்து முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

2022 மார்ச் 9-ம் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். நமது பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறிப் பறந்து, பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. தவறுதான் என்று மார்ச் 11-ம் தேதி நமது அரசாங்கம் அறிவித்தது. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் நீக்கப்பட்டார்கள். ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமென்று இரு நாடுகளும் 2005-ம் ஆண்டிலேயே உடன்பாடு செய்துள்ளன. ஆனால் அது பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டுமே. பிரமோஸ் போன்ற குரூஸ் ஏவுகணை அதில் அடங்காது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. அந்த உடன்பாட்டைக் குரூஸ் ஏவுகணைகளுக்கும் விரிவுபடுத்த வேண்டும். தவறு நேர்ந்தால் இரு தரப்பும் அந்த நிமிஷமே பேசிக்கொள்ள ஏற்பாடு வேண்டும். ஏவும் முடிவை ஒருபோதும் யந்திரத்திடம் விடக்கூடாது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தமாட்டோம் என்ற இந்தியாவின் வாக்குறுதி நிலைக்க வேண்டும்.

இது டில்லியில் இருப்பவர்களின் காரியம் என்று ஒதுங்க வேண்டாம். 1950-ம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் வேண்டுகோளுக்கு உலகெங்கும் கையெழுத்துத் திரட்டியவர்கள் சாதாரண உழைப்பாளி மக்கள்தான். நாமும் கிராமம் கிராமமாகச் செல்வோம். கண்மாய் தூர்வாரப் பணம் இல்லை என்று சொல்லும் சர்க்கார், ஏவுகணைக்கு மட்டும் பணம் எங்கிருந்து எடுக்கிறது என்று கேட்போம். பட்டாளத்துப் பிள்ளைகளின் தாய்மார்களே இந்தக் கோரிக்கை மனுவில் முதல் கையெழுத்துப் போடட்டும்!