மாதம் நிறையாத பிள்ளையும் மூளை இரத்தக்கசிவும்

(மாத்தளை மாவட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



32 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளையின் மூளைக்குள் உள்ள இரத்த நாளங்கள் மிக மெல்லியவை. இரத்த ஓட்டம் ஏறி இறங்கினால் அவை வெடித்துக் கசியலாம். பெரும்பாலும் பிறந்து 3 நாளுக்குள் இது நடக்கிறது. வெளியில் ஒன்றும் தெரியாமலும் இருக்கும்; உச்சிக்குழி வழியே ஸ்கேன் செய்துதான் கண்டுபிடிப்பார்கள். சிறு கசிவு தானாக ஆறும். பெருங்கசிவு உயிரைப் பறிக்கும், அல்லது கைகாலை முடக்கும்.

கசிந்த பிறகு நிறுத்த மருந்தில்லை. முன்னாலேயே குறைக்க வழியுண்டு. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி பிள்ளையின் நுரையீரலைத் தயார்படுத்துகிறது, இந்தக் கசிவையும் குறைக்கிறது. நியூசிலாந்து வைத்தியர்கள் லிகின்ஸ், ஹோவி 1972இல் அந்த ஊசியின் பலனை வெளியிட்டார்கள். ஆனால் ஊசி முழுதாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும்.

ஆகவே ஆறு, ஏழு, எட்டாம் மாதத்தில் வயிறு இறுகி வலித்தாலோ, நீர் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, கொழுந்து நிறுத்து முடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 1990ஐ அழையுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது மூன்று: இரவிலும் வாகனம், கர்ப்பிணிக்கு இலேசான வேலை, கிளினிக் நாளில் முழுப்பேர். தலைவர்மாரே, இதை எழுத்தில் கொடுங்கள்.