இரட்டை எஞ்சினும் இரட்டைக்கிளவியும்



டீசல் முறையில் இயங்கும் இரட்டை எஞ்சின் சிறு விமானத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். மொழியியல் கற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வியப்பது முறையே. நம்மிடம் முன்னர்ப் பயின்ற ஒருவர் தம் மகனை விமானிப் பயிற்சிக்கு அனுப்ப எண்ணி, ஒரு நிலையத்தின் விளக்க ஏட்டைக் கொண்டுவந்து காட்டினார். டீசல், எனவே சிக்கனம். இரண்டு எஞ்சின், எனவே பாதுகாப்பு என்பதே அவ்வேட்டின் சாரம். “ஐயா, நீங்கள் சொல்லை ஆராய்ந்தவர். இந்த இரண்டு ‘எனவே’யும் சரிதானா?” என்று கேட்டார். கூலாயில் உள்ள வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கவிருக்கும் தந்தையின் கேள்வி அது. உடனே விடை சொல்ல இயலவில்லை. சில மாதங்கள் படித்தும், பொறியாளர் சிலரைக் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே சொல்கிறோம்.

முதலில் ‘டீசல்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழர் செவியில் இச்சொல் நெடுங்காலம் மலிவு என்றே ஒலித்தது. லாரி, தோட்டத்து ஜெனரேட்டர், மீன்பிடி படகு என அதனோடு சேர்ந்து நினைவுக்கு வருபவை எல்லாம் உழைப்பும் சிக்கனமும் சார்ந்தவை. அரசின் உதவித்தொகையும் அதற்குத் துணை நின்றது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் அதன் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோதுதான் அந்த ஒலி சற்றே மாறியது. எனினும் பழைய பொருள் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

டீசல் என்பது ஓர் ஆளின் பெயர். ருடால்ஃப் டீசல் 1897இல் இயக்கிக் காட்டிய எஞ்சினில் காற்று மிகுந்த அழுத்தத்தால் சூடேறும். அதில் எரிபொருளைத் தெளித்தால் தானே தீப்பற்றும். பொறி எழுப்பும் பிளக் வேண்டியதில்லை. ஆகவே அப்பெயர் முதற்கண் ஒரு முறையைக் குறித்தது. எரிபொருளைக் குறித்தது பின்னரே. நாம் பேசும் விமானங்களில் நடைமுறையில் ஊற்றப்படுவது ஜெட் ஏ-1, அதாவது பெரிய பயணிகள் விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகை. நம் நாட்டுப் பம்புகளில் கிடைக்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பொருள் கலந்திருக்கிறது. ஜெட் எரிபொருளிலோ அத்தகைய பொருள் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது. பம்பு விலையை நினைத்துக்கொண்டு விமானத்தின் சிக்கனத்தை அளப்பது முதற் பிழை.

இனி அதன் கவர்ச்சியைப் பார்ப்போம், அது பொய்யன்று. சிறு பெட்ரோல் எஞ்சின் விமானங்கள் ஏவ்கேஸ் என்னும் தனிப் பெட்ரோலில் ஓடுகின்றன. அதன் பரவலான வகையில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கார்களிலிருந்து விலக்கப்பட்ட நஞ்சு சிறு விமானத்தில் இன்னும் நீடிக்கிறது. ஜெட் ஏ-1இல் ஈயம் சேர்ப்பதில்லை. பயணிகள் விமானம் இறங்கும் செனாய் போன்ற நிலையங்களில் அதற்குப் பஞ்சமுமில்லை. ஆஸ்திரியாவின் டயமண்ட் நிறுவனம் உருவாக்கிய டி.ஏ.42 என்னும் நான்கு இருக்கை விமானம் 2002இல் முதன்முறையாகப் பறந்தது. 2004இல் அது நியூஃபவுண்ட்லாந்திலிருந்து போர்ச்சுகலின் போர்ட்டோ வரை, இடையில் எங்கும் இறங்காமல், ஏறத்தாழ 12.5 மணி நேரத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது. பயிற்சிக்குப் பயன்படும் பெட்ரோல் இரட்டை எஞ்சின் விமானம் மணிக்கு ஏறத்தாழ 65 முதல் 75 லிட்டர் குடிக்க, இது 40 முதல் 50 லிட்டரில் முடித்துக்கொள்கிறது. பழைய விமானத்தில் எஞ்சினுக்கு மூன்றாக ஆறு நெம்புகோல்களைக் கையாள வேண்டும், இதில் இரண்டே. மீதியைக் கணினி பார்த்துக்கொள்கிறது. நாளை பெரிய ஜெட் விமானத்தை ஓட்டப்போகும் மாணவனுக்கு இது நல்ல பழக்கம்.

ஆனால் சிக்கனம் எரிபொருளோடு முடிவதில்லை. இங்கே இரண்டு வினைச்சொற்களைக் கூர்ந்து நோக்க வேண்டும்: செப்பனிடுதல், மாற்றுதல். பரவலான பெட்ரோல் எஞ்சின் ஒன்றை 2,000 மணி நேரத்துக்குப் பின் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் பூட்டுவர். டி.ஏ.42இல் முதலில் பொருத்தப்பட்ட ஜெர்மானியத் தீலர்ட் எஞ்சினோ மெர்சிடிஸ் காரின் டீசல் எஞ்சினை அடியொற்றியது. அதைச் செப்பனிடுவதில்லை, 1,000 மணி நேரத்தில் மாற்றிவிட வேண்டும். இடையில் 300 மணிக்கு ஒருமுறை பற்சக்கரப் பெட்டியையும் கவனிக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 25 லிட்டர் மிச்சமானால் 1,000 மணியில் 25,000 லிட்டர். அதே 1,000 மணியில் இரண்டு புதிய எஞ்சின்கள். 2,400 மணி வரை பழையவற்றை மாற்றும் செலவில் பங்கேற்பதாக உற்பத்தியாளர் சொல்லியிருந்ததால் உரிமையாளர்கள் அஞ்சவில்லை. 2008 ஏப்ரலில் அந்நிறுவனம் நொடித்தது. உறுதிமொழிகள் நின்றன; உதிரிபாகங்களின் விலை ஏறியது; உலகின் பல இடங்களில் விமானங்கள் கொட்டகையில் முடங்கின. டயமண்ட் தன் துணை நிறுவனத்தின் வழியே ஒவ்வொன்றும் 168 குதிரைத்திறன் கொண்ட புதிய எஞ்சினைக் கொண்டுவந்தது. பின்னர் அதன் ஆயுளும் 1,800 மணி வரை நீட்டப்பட்டது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆயினும் எஞ்சினின் எடை கூடுதல். ஏற்றும் சுமை அந்த அளவுக்குக் குறையும்.

இரண்டாவது ‘எனவே’ இதனினும் கடினமானது. இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றொன்று காக்கும் என்கிறோம். மெர்சிங் கரையைத் தாண்டிக் கடல்மேல் பறப்பவனுக்கு அது பெரிய ஆறுதல்தான். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் டி.ஏ.42 ஒன்றின் மின்கலம் வலுவிழந்திருந்தது. வெளி மின்சாரத்தால் எஞ்சின்களைத் தொடக்கிப் புறப்பட்டார்கள். மேலெழுந்ததும் சக்கரங்களை உள்ளிழுக்கும் மோட்டார் மின்சாரத்தை இழுத்துக்கொள்ள, மின்னழுத்தம் தாழ்ந்தது. இரண்டு எஞ்சின்களையும் ஆளும் கணினிகள் ஒருசேர நின்று மீண்டும் தொடங்க முயன்றன. இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானம் வயிற்றால் தரையில் இறங்கியது. நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை. பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய பொறியைத் தானே ஆக்கிக்கொள்ளும் காந்தக் கருவியை உடையது. விமானத்தின் மின்கலம் செத்தாலும் அது ஓடும்.

மாணவர்களுக்கு இதைச் சொல்ல நம் இலக்கணமே போதும். ‘வா வா’ என்பது அடுக்குத்தொடர். ஒன்றை எடுத்துவிட்டாலும் எஞ்சிய ‘வா’ பொருள் தரும். ‘சலசல’ இரட்டைக்கிளவி, பிரித்தால் ‘சல’ நிற்காது. விமானத்தின் இரண்டு எஞ்சின்கள் அடுக்குத்தொடராக இருக்க வேண்டும். அன்று ஷ்பையரில் அவை ஒரே மின்வழியால் கட்டுண்டு இரட்டைக்கிளவியாகிவிட்டன. (வகுப்பில் இந்த எடுத்துக்காட்டைச் சொன்ன பின் எவரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை, இலக்கண ஆசிரியர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.) அதன்பின் கணினிகளுக்குத் தனி மின்கலம் வைக்கும் ஏற்பாடு வந்தது, அடுக்குத்தொடர் ஓரளவு மீண்டது.

இவ்விமானம் தீது என்று நாம் சொல்லவில்லை. இந்தியாவில் ஃபுர்சத்கஞ்சிலுள்ள அரசுப் பயிற்சி நிலையமும் டி.ஏ.42ஐப் பயன்படுத்துகிறது. ஈயமற்ற எரிபொருள், குறைந்த செலவினம், எளிய கையாளல் ஆகியவற்றுக்காக நாமும் இதன் பக்கமே சாய்வோம். ஆனால் நன்மையை நாள்தோறும் காணலாம். செலவோ எஞ்சினின் ஆயுள் முடியும்போது மொத்தமாக வரும். மணிக்கட்டணத்தில் எஞ்சின் மாற்றத்துக்கான தொகை எடுத்துவைக்கப்படுகிறதா, இல்லையேல் ஒருநாள் மாணவர் தலையில் விழுமா என்பதே தந்தையர் கேட்க வேண்டியது.

நம் பழைய மாணவர் அந்நிலையத்துக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினார். எஞ்சின்களின் எஞ்சிய ஆயுள் எத்தனை மணி? அவற்றை மாற்றும் செலவு யார் பொறுப்பு? பயிற்சி நடுவே விமானம் முடங்கினால் மகனின் பறக்கும் மணிகளுக்கு என்ன வழி? முதலிரண்டுக்கும் தெளிவான மறுமொழி வந்தது. மூன்றாவதற்கு விளக்க ஏட்டையே மீண்டும் அனுப்பியிருந்தார்கள். கடன் பத்திரத்தில் அவர் இன்னும் கையொப்பமிடவில்லை.