இடித்தவர் மொழியையும் கற்போம்



பல்கலைக்கழகம் புகவிருக்கும் எம் இளைஞர்களுக்கு ஒரு யோசனை சொல்ல விரும்புகிறோம். தமிழையோ சரித்திரத்தையோ ஒரு பாடமாகவும், போர்த்துக்கேயத்தையோ ஸ்பானியத்தையோ மற்றொரு பாடமாகவும் இணைத்துப் படித்தால் என்ன?

“நல்லூர்க் கோயிலையும் கோணேசர் கோயிலையும் இடித்தவர்களின் மொழி நமக்கெதற்கு?” என்று பெரியோர் கேட்பது நியாயமே. ஆனால் இடிபட்ட கோயில்களைப் பற்றிய சாட்சியும் அவர்கள் எழுத்திலே இருக்கிறது. குவேறோஸ் பாதிரியார் 17-ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து எழுதிய இலங்கைச் சரித்திரத்தை நம்மிற் பெரும்பாலோர் 1930-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே படிக்கிறோம். எதிரி எழுதியது மெய்யா பொய்யா என நிறுத்துப் பார்க்க, மூலத்தைப் படிக்கத் தெரிய வேண்டாமா? பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலிக்கு அப்பாலுள்ள கன்னொறுவையில் 1638-இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயர் படையை முறியடித்தான். அந்தப் போரையும் இரு பக்கத்தார் கூற்றையும் கேட்டே அறிதல் வேண்டும்.

இவ்வழியில் நமக்கு முன் நடந்தவர் ஒருவர் இருக்கிறார். 1950-களில் பேராதனையில் விரிவுரையாளராயிருந்த தனிநாயகம் அடிகள் தமிழோடு போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் அறிந்தவர். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புறோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966-இல் மீண்டும் பதிப்பித்தவர் அவரே. தமிழ் மட்டும் தெரிந்தவராலோ, போர்த்துக்கேயம் மட்டும் தெரிந்தவராலோ அத்தொண்டு ஆகியிராது.

கற்பதும் மலைப்பான காரியமன்று. மேசை, சப்பாத்து, துவாய் என்று நம் வீடுகளில் வழங்குவன போர்த்துக்கேயச் சொற்கள். ஸ்பானியத்திலும் அவை ஏறக்குறைய அப்படியே ஒலிக்கும். இரண்டும் இலத்தீனின் பிள்ளைகள். ஒன்றைக் கற்றவனுக்கு மற்றது எளிதில் வரும். ஸ்பானியமோ ஏறத்தாழ 20 நாடுகளின் அரச மொழி. ஆகவே தொழிலுக்கும் உதவும். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இவ்விரு மொழிகளையும் சேர்த்தோ, ஒன்றைச் சரித்திரத்தோடு சேர்த்தோ 4 வருடப் பட்டமாகப் படிக்கலாம். அதில் ஒரு வருடம் அம்மொழி வழங்கும் நாட்டிலே கழியும்.

அத்துணை தூரம் செல்ல எல்லோர்க்கும் வசதி இராது. ஆதலால் சங்கத்துப் பெரியோரிடம் ஒன்று வேண்டுகிறோம். ஓர் ஆசிரியரைத் தேடி, வாரத்தில் ஒரு மாலை சங்க மண்டபத்திலே வகுப்பு நடத்த உதவுங்கள். பத்துப் பேர் தொடங்கி இருவர் நிலைத்தாலும் போதும். நம் கோயில்களின் கதையைப் பிறர் வாய்மொழியாகவன்றி நேரே படித்துச் சொல்ல அவ்விருவர் இருப்பர்.