ஆஷி ஏரியில் சிள்வண்டுக் காலம்

படகின் முனையில் ஒலியலைக் கருவியொன்றைப் பொருத்திக்கொண்டு, அதன் திரையில் மீன் நகர்வதைக் கண்டு, அதன் தலைக்கு நேரே இரையை இறக்கிவிடுவதே தூண்டில் வித்தையின் உச்சம் என்று கருதும் மோகம் இக்காலத்தில் மிகுந்துவருகிறது. எனக்கு அதில் சிறிதும் சம்மதமில்லை. திரையையே பார்த்திருப்பவன் ஏரியைப் பார்ப்பதில்லை. ஏரியைப் பாராதவனுக்குப் பருவம் புலப்படுவதில்லை.

யோகொஹாமாவில் உத்தியோகம் பார்த்த ஆண்டுகளில், விடுமுறை கிடைத்த போதெல்லாம் நான் ஓடிச்சென்றது ஹகோனே மலைமேல், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 720 மீட்டர் உயரத்தில் கிடக்கும் ஆஷி ஏரிக்கு. 1925இல் அகபோஷி தெட்சுமா என்ற தனவந்தர் அமெரிக்காவிலிருந்து பாஸ் மீன்களைக் கொணர்ந்து, ஜப்பானில் முதன்முதலாக விட்டது இந்த ஏரியில்தான். பின்னர் அம்மீன் நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களுக்குக் கேடாகவே, 2005இல் அமலுக்கு வந்த சட்டம் அதை உயிரோடு கொண்டுசெல்வதையும் வளர்ப்பதையும் தடை செய்தது. ஆயினும் ஆஷி உள்ளிட்ட நான்கு ஏரிகளில் மட்டும் பாஸ் பிடிக்கும் உரிமை முறைப்படி நீடிக்கிறது.

மார்ச்சு முதல் தேதி ஏரி திறக்கும்போது ஜலம் உறையும் குளிரில் இருக்கும். பாஸ் ஆழத்தில் மந்தமாய்க் கிடக்கும். கரையோர ஜலம் இளஞ்சூடு கண்டபின் ஆண் மீன் வாலால் மணலைத் துடைத்துக் குழி செய்து, முட்டைகளை இரவும் பகலும் காத்து நிற்கும். அப்படிக் காவல் நிற்கும் மீனைச் சீண்டிப் பிடிப்பவர்களைத் தூண்டில்காரர் வரிசையில் சேர்க்க என் மனம் ஒப்புவதில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த காலத்தை. மே மாதக் கடைசியில் கரைக்காடு முழுவதும் சிள்வண்டுகள் இரைச்சலிடத் தொடங்கும். கிளையிலிருந்து தவறி ஜலத்தில் விழுந்த சிள்வண்டு, சற்றே இறக்கையை அடித்து, ஓய்ந்து, மறுபடியும் அடிக்கும். அந்த நடுக்கத்தைக் கேட்டே பாஸ் மேலெழும். அதைப் போலவே, கட்டைவிரல் அளவில் இரண்டு தகர இறக்கைகளுடன் மிதக்கும் போலி வண்டு ஒன்று உண்டு. அதை நீர்மேல் கவிந்த கிளைக்குக் கீழே, கரையை ஒட்டி வீச வேண்டும். வீசியபின் அசைக்கக் கூடாது. மீண்டும் சொல்கிறேன்: அசைக்கக் கூடாது. விழுந்த இடத்து வளையம் விரிந்து விரிந்து முற்றும் அடங்கட்டும். அடங்கிய பிறகு, நரம்பு இழுபடாமல் கோலின் நுனி மட்டும் துடிக்கும்படி ஒரு சிறு அசைவு போதும்.

எனக்கு இதைக் கற்பித்தவர் படகு வாடகைக்கு விடும் முதியவர். அவர் பாஷை எனக்கு அரைகுறை. என் பாஷை அவருக்கு அறவே தெரியாது. ஒருநாள் விடியலில் நான் வழக்கம்போல் அவசரப்பட்டுக் கோலைச் சுண்ட முற்பட்டபோது, அவர் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "மத்தே, மத்தே" என்றார். பொறு, பொறு என்று பொருள். வளையம் கரையைத் தொட்டு மறைந்தது. அவர் பிடி தளரவில்லை. பிறகு, விரலை மெல்ல எடுத்தார். நான் நுனியை அசைத்தேன். முத்தமிடுவது போன்ற ஓசையோடு வண்டு மறைந்தது. அப்போதும் "மத்தே"! மீன் வாயை மூடித் திரும்பி, அதன் பாரம் நரம்பில் தெரிந்த பிறகே கோலை உயர்த்தச் சொன்னார். கண்ணால் கண்டவுடன் சுண்டுகிறவன் வண்டை மீனின் வாயிலிருந்து தானே பிடுங்கிவிடுகிறான். பாரத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் பாஸ் வகசகி என்னும் சிறுமீன் கூட்டங்களைத் துரத்தி நடு ஏரிக்குப் போய்விடும். அங்கே திரைக்காரர்களுக்கு நல்ல வேட்டை கிடைக்கிறது, மறுக்கவில்லை. டிசம்பர் நடுவில் ஏரி மூடப்படும். அதன்பின் இரண்டரை மாதம், நான் என் வண்டுப் பெட்டியைத் திறந்து, தகர இறக்கைகளைத் துடைத்து, முட்களை அரத்தால் தீட்டி, நகத்தில் வைத்துக் கூர்மை பார்த்துக்கொண்டிருப்பேன்.