இருபது படங்களில் ஒரு காராமணி

(பன்னாட்டு அசைவூட்டப்பட நாளையொட்டி ஆர்.கே.பேட்டையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில், அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டம் முடிந்து பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் எல்லோருக்கும் இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதனால் நேராகச் செய்திக்கு வந்துவிடுகிறேன்.

இன்று அக்டோபர் 28. 1892-ஆம் ஆண்டு இதே நாளில் பாரிஸ் நகரத்தில், கிரெவின் அருங்காட்சியகத்தில், எமில் ரெய்னோ என்பவர் காசு கொடுத்து வந்த பார்வையாளர்களுக்கு நகரும் ஓவியங்களைத் திரையில் காட்டினார். லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரைப்படம் காட்டியது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1895 டிசம்பரில்தான். ரெய்னோவிடம் கேமரா கிடையாது. எல்லாப் படங்களையும் கையால் வரைந்து வண்ணம் தீட்டியிருந்தார். அவற்றில் ஒன்றில் சுமார் 500 படங்கள். காட்சி நேரமோ ஏறத்தாழ 15 நிமிடம். கணக்கு உதைக்கிறதல்லவா? 500 படங்களை வேகமாக ஓட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அவர் தன் கையாலேயே சுருளை முன்னே சுற்றுவார், பின்னே சுற்றுவார், வேண்டிய இடத்தில் நிறுத்துவார். போன ஆள் அதே படங்களில் திரும்பி வருவான். இந்தத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அந்த நாளின் நினைவாகத்தான் ஆசிஃபா என்ற பன்னாட்டுச் சங்கம் 2002 முதல் அக்டோபர் 28-ஐ அசைவூட்டப்பட நாளாகக் கொண்டாடி வருகிறது.

அதே 2002-இல்தான் டக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளும் வெளிவந்தது. பில் கெண்ட்ரிக் என்பவர் சிறு பிள்ளைகளுக்காக உருவாக்கியது. இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். தமிழிலும் பட்டன்கள் வரும். நம் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும் அது இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பல ஆண்டுகள் அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தி, வினா விடை எழுதிப் போட்டு முடித்துவிடுவேன். 'தூரிகைக் கருவியின் பயன் யாது?' பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். ஒருவரும் தூரிகையைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

சென்ற ஆண்டுதான் தொட்டோம். இரண்டு கணினி, முப்பத்தாறு பிள்ளைகள். முதல் வகுப்பு வீண். அந்த மென்பொருளில் முத்திரை என்று ஒன்று உண்டு. அழுத்தினால் பூவும் விலங்கும் தானாக வந்து விழும், சிலவற்றுக்குச் சத்தமும் வரும். நாற்பது நிமிடமும் சத்தம்தான். பக்கத்து வகுப்பிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்தேன்: முத்திரை கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் வரைய வேண்டும்.

எதைப் பார்ப்பது? இங்கேதான் தாதாசாகேப் பால்கே நினைவுக்கு வந்தார். 1912-இல் லண்டன் போய் கேமரா வாங்கி வந்தவர், 'ராஜா ஹரிச்சந்திரா' எடுப்பதற்கு முன், பணம் போடுகிறவர்களை நம்பவைக்க ஒரு சின்னப் படம் எடுத்தார். தொட்டியில் ஒரு பட்டாணியை ஊன்றி, அதன் எதிரே கேமராவை வைத்து, ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். திரையில் சில கணங்களில் விதை செடியானது. இந்தியத் திரைப்படத்துக்கு முதலீடு கிடைக்க வழி செய்தது, நாம் வகுப்பில் நடத்தும் விதை முளைத்தல் பாடம்தான்!

பட்டாணிக்குப் பதிலாக நாங்கள் காராமணி எடுத்தோம். சீக்கிரம் முளைக்கும், எல்லார் வீட்டிலும் இருக்கும். உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் டம்ளரில் மண் போட்டு, சுவரை ஒட்டினாற்போல் விதையை ஊன்றினோம். காலை ஒரு படம், மாலை ஒரு படம், பத்து நாள். மொத்தம் இருபது படங்கள்.

சனி, ஞாயிறு என்ன செய்வது? விதை விடுமுறை எடுக்காதே. "யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்க் காகிதத்தில் வரைந்து வருகிறீர்களா?" என்று கேட்டேன். ஒரு மாணவி கை தூக்கினாள். அவள் அந்த ஆண்டுதான் எல்லைக்கு அப்பாலிருந்து வந்து சேர்ந்தவள். அதுவரை தெலுங்கில் படித்தவள். நம் பகுதியில் இது புதிதல்ல. திருத்தணி 1960 ஏப்ரலில் தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் வீடுகளில் இரண்டு மொழியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து இன்னும் கைவரவில்லை. வகுப்பில் பேசவே மாட்டாள். காராமணியை அவள் 'அலசந்த' என்று சொன்னதே அன்றுதான் நான் கேட்ட அவள் குரல்.

திங்கட்கிழமை நான்கு படங்களோடு வந்தாள். வீட்டில் விசைத்தறிக்குப் பக்கத்து ஜன்னலில் டம்ளரை வைத்திருந்தாளாம். படங்களில் தண்டு நேராக இல்லை. கொக்கி போல் கழுத்து வளைந்து, தலை மண்ணுக்குள் புதைந்திருந்தது. ஒரு பையன் உடனே சொன்னான்: "மிஸ், தப்பா வரைஞ்சிருக்கா. போன பரீட்சையிலயும் நீங்க இதைத்தான் அடிச்சுவிட்டீங்க."

டம்ளரைப் பார்த்தோம். செடி நிமிர்ந்து நின்றது. வகுப்பே சிரித்தது. அவள் தலை குனிந்துகொண்டாள்.

நானும் அவள் தவறாக வரைந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்றால், புத்தகப் படத்தில் விதை, வேர்விட்ட விதை, பிறகு இரண்டு இலையோடு நிமிர்ந்த செடி. நடுவில் ஒன்றுமில்லை. பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் போட்டதும் அதே மூன்று படங்கள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இன்னொரு டம்ளரில் ஐந்து விதைகளை ஊன்றி, இந்த முறை வாரத்தின் நடுவில் வரும்படி நாள் பார்த்து வைத்தோம். நான்காம் நாள் காலை ஐந்தும் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றன. மறுநாள் நிமிர்ந்துவிட்டன. மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும்போது இளம் நுனி சிராய்ந்துவிடாமலிருக்கச் செடி முதுகை முன்னே கொடுக்கிறது; வெளிச்சம் பட்டதும் நிமிர்கிறது. கல்லூரியில் படித்ததுதான். மறந்து போயிருந்தேன்.

அன்று மாலை அவளுடைய பழைய வகுப்புத்தேர்வுத் தாளைத் தேடி எடுத்தேன். 'விதை முளைத்தலைப் படத்துடன் விளக்குக.' ஒரு வரிகூட எழுதவில்லை. ஆறு படங்கள் வரைந்திருந்தாள். நான்காவது படத்தின் வளைந்த தண்டின் மேல் என் சிவப்பு மையில் ஒரு நேர்கோடு. ஐந்துக்கு ஒன்று. அடித்துவிட்டு நான்கு என்று போட்டு மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் கொடுத்தேன். தாளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏன் மிஸ் அஞ்சு இல்ல?"

விதையுறை கழன்று விழுவதை வரையவில்லை என்றேன். ஒப்புக்கொண்டாள்.

இனி செய்முறை. டக்ஸ் பெயின்டில் முதல் படத்தை வரைந்து சேமியுங்கள். அதே படத்தில் மாறியதை மட்டும் மாற்றுங்கள். மீண்டும் சேமிக்கும்போது, பழையதற்குப் பதிலாக வைக்கவா என்று கேட்கும். வேண்டாம், புதிய கோப்பாகச் சேமி என்று சொல்ல வேண்டும். இதை மறந்தால் முந்தைய நாள் போய்விடும். எங்களுக்கு ஆறாம் படம் அப்படித்தான் போனது. எல்லாம் முடிந்ததும் 'திற' பகுதிக்குள் போனால் படக்காட்சி என்று ஒன்று இருக்கும். படங்களை வரிசையாகத் தொட்டு ஓடவிடலாம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கீழே ஒரு நகர்த்தி உண்டு. அதை இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் படம் தானாக ஓடாது, விசையை அழுத்தினால்தான் நகரும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிள்ளை நின்று ஒவ்வொரு படமாக நகர்த்தி, தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லலாம்.

அடுத்ததாகப் பிள்ளைகள் தறி வரைந்தார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே. நாடா இடமிருந்து வலம் போக ஆறு படம். திரும்பி வர? அங்கேதான் ரெய்னோ. அதே படங்களைத் தலைகீழ் வரிசையில் போட்டால் போதும். ஆனால் இந்த மென்பொருளில் ஒரே படத்தை இரண்டு முறை தேர்ந்தெடுக்க முடியாது. மறுபடி தொட்டால் தேர்வு நீங்கிவிடும். ஒரு பையன் வழி கண்டுபிடித்தான். படத்தின் மூலையில் சின்னப் புள்ளி வைத்துப் புதிய கோப்பாகச் சேமித்தான். ஒரு பக்கத்து வரிசைக்கு மட்டும் மூலையில் புள்ளி. வீட்டில் நாள் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கிற பிள்ளை. நாடா எந்த இடத்தில் நொடி நேரம் தயங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அங்கே மட்டும் இரண்டு படம் சேர்த்திருந்தான்.

சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு பாடு எதற்கு? கைபேசியை எதிரே வைத்தால் அதுவே படம் பிடிக்குமே?" பிடிக்கும். ஆனால் கைபேசி பிடிக்கும்போது பிள்ளை விளையாடப் போய்விடுவான். வரைகிறவனோ, நேற்றுக்கும் இன்றைக்கும் எது மாறியது என்று டம்ளர் எதிரே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். மவுஸில் கோடு நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும். கணினியே இல்லாத தொடக்கப்பள்ளிகள் நோட்டின் மூலையில் வரைந்து விரலால் புரட்டினால் போதும். 1868-லேயே இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. காராமணியில் வித்திலைகள் மண்ணுக்கு மேலே வருகின்றன. பால்கேயின் பட்டாணியில் அவை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரே வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்து ஓட்டினால் எப்படி இருக்கும் என்று இந்த ஆண்டுப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைசி மேசையில் டம்ளர்களும் ஊறவைத்த விதைகளும் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஊன்றினால் கழுத்து வளைவது நான்காம் நாள் வாக்கில். அது விடுமுறை நாளில் விழுகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.