கவலைக்குப் பரிகாரம் யாரிடம்?



மனக்கவலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று இக்கூட்டத்தைக் கூட்டிய வாலிபத் தோழர்கள் நம்மைக் கேட்டபோது, பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சிரித்து விட்டார். சாமியையும் சாதியையும் கண்டிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்பது அவர் கேள்வி. நாம் சொல்லுவது என்னவென்றால், இந்த நாட்டில் ஜோசிய வியாபாரத்திற்கும் தாயத்து வியாபாரத்திற்கும் முதல் போட்டிருக்கிறவனே கவலைப்படுகிற மனிதன்தான். கவலை இல்லாதவன் ஜோசியன் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவானா? ஆகவே இது நம்முடைய வேலைக்கு அப்பாற்பட்ட விஷயமல்ல.

முதலில், கவலை எங்கே உண்டாகிறது என்று பார்ப்போம். எதிரில் ஒரு புலி வந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ சரீரம் தன்னைத் தயார் செய்து கொள்ளுகிறது. வால்ட்டர் கேனன் என்னும் அமெரிக்க அறிஞர் 1915-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். தொல்லை நீடித்தால் சரீரமே சீர்கெட்டுப் போகிறது என்பதை ஹான்ஸ் செல்யே என்பவர் 1936-இல் எலிகளை வைத்துச் சோதித்து வெளியிட்டார். புலி போய்விட்டால் படபடப்பு அடங்கிவிடும். ஆனால், தோழர்களே, வட்டிக்காரன் போவதில்லையே! வாராவாரம் வருகிறானே! மேஸ்திரியின் அதட்டலை விட்டு ஓட முடியுமா? ஆகவே புலிக்கு ஏற்பட்ட படபடப்பு தினந்தோறும் நின்று, தூக்கத்தைக் கெடுத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றி, வீட்டில் இருக்கும் குழந்தையின் முதுகில் அடியாக விழுகிறது. இதில் கிரகத்திற்கு என்ன வேலை இருக்கிறது?

ஒரு விசைத்தறித் தொழிலாளியை உதாரணமாக எடுத்துக் கொள்ளுவோம். குழந்தைக்குக் காதுகுத்து. நாலு பேர் என்ன சொல்லுவார்களோ என்று பந்தல், கிடா விருந்து, ஒலிபெருக்கி எல்லாம் வைத்து ஒரு லட்ச ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. மாதம் 3,000, வருஷத்திற்கு 36,000. அசல் அசையவில்லை. அந்த நாலு பேரும் சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்! இவருக்குத் தூக்கம் போயிற்று. ஜோசியரிடம் போனார். ஜோசியர் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏழரைச் சனி" என்றார். குடும்பத்தோடு திருநள்ளாறு போய்வர இன்னும் பதினாயிரம் கடன். மாதம் 300 ரூபாய் வட்டி கூடிற்று. சனி பெயர்ந்தாலும் பெயராவிட்டாலும் வட்டி பெயர்வதில்லை.

இந்த ஏழரைச் சனியின் யோக்கியதையைச் சற்று யோசித்துப் பாருங்கள். சனி என்னும் கிரகம் சூரியனை ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 29½ வருஷமாகிறது. ஆகவே ராசி ஒன்றுக்கு இரண்டரை வருஷம். அது நிற்கும் ராசிக்காரருக்கும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள ராசிக்காரருக்கும் ஏழரை என்கிறார்கள். அதாவது 12 ராசியில் எப்பொழுதும் 3 ராசிக்கு ஏழரை. மனிதரில் நாலில் ஒருவருக்கு, 800 கோடி ஜனங்களில் 200 கோடிப் பேருக்கு, எந்த நாளிலும் சனி பிடித்தே இருக்கிறது! போதாதென்று அஷ்டமச் சனி, கண்டகச் சனி வேறு. வருகிறவரில் நாலில் ஒருவருக்கு எப்பொழுதும் பொருந்தும்படியான சரக்கை வைத்திருப்பவன் கடையில் வியாபாரம் எப்படிக் குறையும் என்று கேட்கிறோம்.

அப்படியானால் அந்தத் தோழர் செய்ய வேண்டியது என்ன? இன்று இரவே ஒரு காகிதத்தை எடுத்து, யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று எழுத வேண்டியது. சம்சாரத்தை எதிரில் உட்கார வைத்துக் கொண்டு எழுத வேண்டியது. கடனால் வரும் கவலையில் பாதி, அதை வீட்டில் மறைப்பதால் வருகிற கவலைதான். தலைக்குள் இருக்கும்போது கடன் மலையாகத் தெரிகிறது. காகிதத்தில் அது நாலு வரிதான். எந்த வட்டி அதிகமோ அதை முதலில் அடைக்க வேண்டும். இருக்கிற ஒரு பவுனை விற்றாவது அடைக்கலாம். நகை பெட்டியில் தூங்க, மனிதன் விழித்திருப்பது என்ன புத்திசாலித்தனம்? அடுத்த சடங்குக்குக் கடன் வாங்குவதில்லை என்று இருவரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். நம்மால் ஆகக் கூடியது எது, ஆகாதது எது என்று பிரித்து எழுதி, ஆகக் கூடியதில் ஒன்றை நாளைக் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

சரீரத்திற்கும் சில காரியங்கள் உண்டு. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விட்டு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் படபடப்பு தணிகிறது. இதற்கு மந்திரமும் வேண்டாம், ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆசிரமமும் வேண்டாம். தினம் அரைமணி நேரம் நடக்கலாம். சாயங்காலத்திற்குப் பிறகு டீ வேண்டாம். படுக்கையில் செல்போன் வேண்டாம். கள்ளும் சாராயமும் தூக்கத்தைக் கொடுப்பது போல் கொடுத்து நடுராத்திரியில் பிடுங்கிக் கொள்ளும்.

நிற்க. இதுவரை ஆண்களின் கவலையைத்தான் பேசினோம். பின்வரிசையில் தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2019-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் எடுத்த கணக்கில், வீட்டு வேலை செய்கிற பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், செய்கிற ஆண் 97 நிமிஷமும் அதில் செலவிடுவதாகக் கண்டார்கள். ஐந்து மணி நேரம்! இதற்குக் கூலியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஆலையில் மேஸ்திரி அதட்டினால் ஆண் வீட்டுக்கு வந்து பெண்ணை அதட்டித் தன் கவலையைத் தீர்த்துக் கொள்ளுகிறான். அவள் யாரை அதட்டுவாள்? அவளுக்குச் சாமி வருகிறது. உடனே வேப்பிலைக்காரனைக் கூப்பிடுகிறோம். வேப்பிலையை விட்டுவிட்டு, இரவு பாத்திரத்தை ஆண் துலக்கட்டும். தண்ணீர் பிடித்து வைக்கட்டும். நாம் இதைச் சொன்னால் கைதட்டுகிற தோழர்கள் வீட்டுக்குப் போனதும் தட்டின் முன்னால் உட்கார்ந்து விடுகிறார்கள். நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம்.

இன்னொன்று. எல்லாக் கவலையையும் தனிமனிதன் மூச்சை அடக்கித் தீர்த்துவிட முடியாது. ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்றே இருக்கும் பெண்ணுக்குத் தியானம் சொல்லிக் கொடுப்பது ஏமாற்று. அவளுக்கு வேண்டியது நாற்காலி. அந்த நாற்காலிக்குத் தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே கவலையைத் தீர்த்தது சங்கம்.

கடைசியாக, கவலை நோயாகி விடுவதும் உண்டு. இரண்டு வாரத்திற்கு மேல் தூக்கமும் ஆகாரமும் இல்லை, எதிலும் பற்றில்லை, செத்தால் தேவலை என்ற நினைப்பு வருகிறது என்றால் அது பேயுமல்ல, பாவமுமல்ல. வைத்தியம் செய்ய வேண்டிய வியாதி. இதைப் பேய் என்று நம்பியதன் பலனை நம் ஜனங்கள் கண்டிருக்கிறார்கள். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவில் குணமாகும் என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். 2017-இல் வந்த மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதையே தடுத்திருக்கிறது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்தியர் இருக்கிறார். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் செலவில்லாமல் பேசலாம், 2022 அக்டோபரில் இந்திய அரசாங்கம் ஏற்படுத்தியது, தமிழிலேயே பேசலாம்.

அந்த எண்ணை வாசலில் உள்ள பலகையில் வாலிபத் தோழர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள், முக்கியமாகத் தாய்மார்கள், தாராளமாய்க் கேட்கலாம்.